ரஜப் பிறந்துவிட்டது: சீனி நோயாளியின் நோன்பைப் பற்றி யார் கேட்கப் போகிறோம்?

ஷஃபான் 29ஆம் நாள் மாலை கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை பற்றிய முடிவு எடுக்கப்படுகிறது. அடுத்த சில நிமிடங்களில் அந்தச் செய்தி பொத்துவிலுக்கும் புத்தளத்துக்கும் அக்குறணைக்கும் முசலிக்கும் கையடக்கத் தொலைபேசி வழியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அன்றிரவே ஊர் தராவீஹுக்கும் ஸஹருக்கும் ஆயத்தமாகிவிடுகிறது. ஆனால் அதே தொலைபேசியைக் கையில் வைத்திருக்கும் சீனி நோயாளிக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஸஹர் நேரம் எந்தக் குளிசையைப் போடுவது? எதைக் குறைப்பது? அஸருக்குப் பிறகு கை நடுங்கினால் யாரிடம் கேட்பது? இந்த மூன்றுக்கும் அவருக்குப் பதில் வருவதில்லை. தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு அவர் நோன்பு பிடிக்கிறார்.

ரமழானில் எழுத வேண்டியதை ஏன் ரஜபிலேயே எழுதுகிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். நீரிழிவும் ரமழானும் பற்றிய சர்வதேச வழிகாட்டல்கள், நோன்பு பிடிக்க விரும்பும் நோயாளி ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைச் சந்திக்க வேண்டும் என்கின்றன. நமது கலண்டரில் அந்த ஆறு முதல் எட்டு வாரம் என்பது ரஜபின் தொடக்கத்துக்கும் அதன் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலம்தான். அதாவது இப்போது. ரமழானின் முதல் ஜும்ஆவில் இதைப் பற்றிக் குத்பா ஓதினால் நல்லதுதான், ஆனால் குளிசையின் அளவை மாற்றிப் பார்த்து, அது உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று சோதிப்பதற்கான காலம் அதற்குள் கடந்து போயிருக்கும்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்?

2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, இலங்கையின் வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 9.7 வீதமானோர் முஸ்லிம்கள். எண்ணிக்கையில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர். தேசிய வீதத்தையே நமக்கும் வைத்துக்கொண்டால், ஜும்ஆவில் இருபது பேர் நிற்கும் ஒரு ஸஃபில் நான்கைந்து பேருக்குச் சீனி வருத்தம் இருக்கலாம். அவர்களில் சிலருக்கு அது இருப்பதே தெரியாது. பெண்கள் பகுதியிலும் இதே கதைதான்.

இவர்களில் எத்தனை பேர் நோன்பு பிடிக்கிறார்கள்? 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2004இல் வெளியான எபிடியார் ஆய்வு இதற்கு ஒரு பதிலைத் தந்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நோன்புகளைப் பிடித்திருந்தார்கள். இன்சுலின் ஊசியிலேயே உயிர்வாழும் முதலாம் வகை நோயாளிகளிலும் 43 வீதமானோர் பிடித்திருந்தார்கள். அதே ஆய்வில், ஆபத்தான அளவுக்குச் சீனி இறங்கிப்போகும் சம்பவங்கள் முதலாம் வகையினரிடம் ஏனைய மாதங்களைவிட 4.7 மடங்காகவும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்காகவும் கூடியிருந்தன.

ஆக, வைத்தியர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நம்மவர்களில் பெரும்பாலோர் நோன்பு பிடிக்கத்தான் போகிறார்கள். அவர்களைத் தனியாக விடுவதா, யாராவது கூட நிற்பதா என்பதைத்தான் நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

களைப்பு என்று நினைத்தது களைப்பல்ல

இலங்கையில் நமது நோன்பு ஏறத்தாழ பதின்மூன்றரை மணித்தியாலம். ஐரோப்பாவின் கோடைகாலத்தைப் போல பதினெட்டு மணித்தியாலம் இல்லை என்பது நமக்குக் கிடைத்த அருள். ஆனாலும் சீனி வருத்தத்துக்குப் போடும் எல்லாக் குளிசைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்போர்மின் மட்டும் போடுபவருக்குச் சீனி ஆபத்தாக இறங்கும் வாய்ப்பு குறைவு. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்றவை வேறு இனம். அவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றில் கிளிபென்கிளமைட்டுக்கு ஆபத்து அதிகம். இன்சுலின் ஊசியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நம் வீடுகளில் பொதுவாக நடப்பது என்ன? காலைக் குளிசையை ஸஹருக்கும் இரவுக் குளிசையை இப்தாருக்கும் நகர்த்துகிறோம். நேரம் மாறுகிறது, அளவு மாறுவதில்லை. காலைச் சாப்பாடு, பத்து மணித் தேநீர், பகற்சாப்பாடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து எழுதப்பட்ட பெரிய அளவு, இப்போது வெறும் வயிற்றோடு பகல் முழுவதும் வேலை செய்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு வைத்தியர்கள் இதைத் தலைகீழாக மாற்றுவார்கள். பெரிய பங்கு இப்தாருக்குப் போகும், ஸஹருக்குரியது குறையும். அதை ஆளைப் பார்த்து வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், சீனி இறங்குவதன் அடையாளங்களும் நோன்பின் களைப்பும் ஒன்றுபோல இருப்பது. நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் வேறு மாதத்தில் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போவார்கள். ரமழானில் அஸருக்குப் பிறகு வந்தால், "நோன்புக் களைப்பு, கொஞ்சம் சாய்ந்து படுங்க" என்று தலையணையைக் கொடுப்பார்கள். அவர் படுத்துக்கொள்வார். மஃரிபுக்கு எழுப்பும்போது சிலவேளை எழும்பமாட்டார்.

இதைப் பிரித்துக் காட்டக்கூடியது விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தமும் அது காட்டும் இலக்கமும்தான். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வழிகாட்டல். மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் அப்படித்தான். "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்ற சொல் நம் வீடுகளில் மிக அன்போடு சொல்லப்படுகிறது. சீனி இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்லும்போது அதைவிட ஆபத்தான சொல் இல்லை.

கிளினிக்கில் கேட்கப்படாத கேள்வி

இலவச வைத்தியம் இருக்கிற நாடு இது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிளினிக்குகள் நடக்கின்றன, குளிசையும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த இடைவெளி?

எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மூத்த ஆசிரியை சொன்னது இதற்கு நேரடியான விடை என்று நினைக்கிறேன். "டொக்டர்ட்ட கேட்டா நோன்பு புடிக்காதீங்க எண்டுதான் செல்லுவாரு. அதாலதான் நான் கேக்கல்ல" என்றார். அவர் பட்டதாரி. உயர்தர மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். அறியாமையால் அவர் பேசாமல் இருக்கவில்லை. பதில் "வேண்டாம்" என்று வந்துவிடுமோ என்ற பயம் அவரைத் தடுத்தது.

மறுபக்கத்தில் வைத்தியரைப் பாருங்கள். காலையில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பல ஊர்களில் அவர் முஸ்லிம் அல்லாதவர். ஸஹர் எத்தனை மணிக்கு, எத்தனை மணித்தியாலம் தண்ணீரும் குடிப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். மத விஷயத்தில் தலையிடுவதாக ஆகிவிடுமோ என்று அவரும் தயங்கலாம். தென்னிலங்கையிலும் மலையகத்திலும் வாழும் நம்மவர்களுக்கு மொழியும் ஒரு தடை. நோயாளியும் சொல்லவில்லை, வைத்தியரும் கேட்கவில்லை. அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து வருகிறது. அதற்குள் பெருநாளே முடிந்துவிடும்.

இந்த இடைவெளியில் பள்ளிவாசல் மௌலவி மாட்டிக்கொள்கிறார். நோன்பு பிடிக்கலாமா என்று அவரிடம் கேட்கிறார்கள். அவருக்கு மார்க்கம் தெரியும். ஆனால் எதிரே நிற்பவர் போடும் குளிசை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே "உங்கட டொக்டர்ட்ட கேளுங்க" என்று சொல்லி அனுப்புகிறார். நோயாளி மறுபடி அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்.

மார்க்கம் பாதையைத் திறந்தே வைத்திருக்கிறது

நோயாளிக்கும் பிரயாணிக்கும் வேறு நாட்களில் நோற்கும் சலுகையை சூரா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகவே தருகின்றன. குணமாகும் நம்பிக்கையில்லாத நீண்டகால நோயால் நோற்க முடியாதவருக்கு பித்யா இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது நாளொன்றுக்கு ஒரு முத்து அளவு ஊரின் பிரதான உணவு.

நவீன வைத்தியம் தொடர்பான கேள்விகளுக்கும் விடை கிடைத்து நெடுநாளாகிறது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை, பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதும் போசணை தராத ஊசிகளும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. அதன்படி விரலில் ஊசி குத்திச் சீனி பார்ப்பதாலும் நோன்பு முறியாது, இன்சுலின் போடுவதாலும் முறியாது. இரத்தம் குத்தி எடுப்பது நோன்பை முறிக்காது என்பது ஷாபிஈ மத்ஹபின் பழைய நிலைப்பாடும்கூட. அப்படியிருந்தும் நோன்பு முறிந்துவிடும் என்ற பயத்தில் பகலில் இரத்தம் பார்க்காதவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

2009இல் ஷார்ஜாவில் அதே சபை நீரிழிவைப் பற்றியே தனியாக ஒரு தீர்மானம் எடுத்தது. நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தது. பாரிய தீங்கு ஏற்படும் என்று வைத்தியம் கூறும் முதல் இரண்டு வகையினருக்கு நோன்பு பிடிக்க அனுமதி இல்லை. ஏனைய இரண்டு வகையினர் தகுந்த காரணமின்றி நோன்பை விடுவதற்கும் அனுமதி இல்லை. இந்த இரண்டாவது பகுதியை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. சீனி வருத்தம் என்ற பெயரைச் சொல்லி எல்லோரும் நோன்பை விட்டுவிட முடியாது, எல்லோரும் பிடித்துவிடவும் முடியாது. யார் எந்த வகை என்பதை வைத்தியர் பிரிக்க வேண்டும். ஆகவே அந்த ஆசிரியையின் பயம் பாதி தேவையற்றது. கேட்டிருந்தால், குளிசையை மாற்றிக்கொண்டு பிடியுங்கள் என்ற பதிலே கிடைத்திருக்கக்கூடும்.

தூரத்திலிருந்து பார்ப்பது என்றால் என்ன?

ரமழான் தொடங்கிய பிறகு வேறு ஒரு தேவை வருகிறது. மாற்றிய குளிசை ஒத்துவருகிறதா என்று நாளுக்கு நாள் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு நாளும் வைத்தியசாலைக்குப் போக முடியாது. தூரத்திலிருந்து தரும் வைத்தியக் கவனிப்பு உதவுவது இந்த இடத்தில்தான். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. நோயாளி வீட்டில் இருந்தபடியே இரத்தம் பார்த்து இலக்கத்தை அனுப்புகிறார். அதைப் பார்க்க ஒருவர் இருக்கிறார். தேவைப்பட்டால் அவர் திருப்பி அழைக்கிறார்.

இது பலன் தருமா? மலேசியாவில் இப்படிச் செய்து பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு, ஆகவே சிறிய ஆய்வுதான். நோன்பு காலத்தில் தூரத்திலிருந்து கண்காணிக்கப்பட்டவர்களிடம், வழமையான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிடச் சீனி இறங்கும் சம்பவங்கள் குறைவாக இருந்தன. இதைவிட என்னைக் கவர்ந்தது 2010இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு. அதில் தொலைபேசியோ கருவியோ முக்கியமாக இருக்கவில்லை. ரமழானுக்கு முன்பு ஒரு பகுதியினருக்கு வகுப்பு எடுத்தார்கள், அவ்வளவுதான். 111 பேர் பங்குபற்றினார்கள். வகுப்புக்கு வந்தவர்களிடம் சீனி இறங்கிய சம்பவங்கள் ரமழானில் 9இலிருந்து 5ஆகக் குறைந்தன. வகுப்பில் சேராதவர்களிடம் அதே 9, 36ஆக உயர்ந்தது.

ஓர் ஆசிரியனாக இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். பாடம் நடக்காத வகுப்பில் பரீட்சை வைத்துப் பயனில்லை. முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காமல் ரமழானில் இலக்கங்களை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

நமது நாட்டிலும் இதற்கு ஒரு முன்னனுபவம் உண்டு. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 25ஆம் திகதி முதல் நோன்பு. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, கிளினிக்குகளுக்குப் போக வழியில்லை. அப்போது கிளினிக் மருந்துகளைத் தபால் ஊழியர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வைத்தியர்கள் தொலைபேசியில் பேசினார்கள். வயதானவர்கள்கூட பேரனின் தொலைபேசியில் முகம் காட்டப் பழகினார்கள். நெருக்கடி முடிந்ததும் அந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம். ஒவ்வொரு வருடமும் ஒரு மாதத்துக்காவது அதை வைத்திருந்திருக்கலாம்.

தொலைபேசியால் முடியாதவை

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தொலைபேசியில் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில், நோன்பு பிடிக்கக்கூடாதவர் பிடிக்கத் தொடங்கிவிடக்கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கடந்த மூன்று மாதத்துக்குள் சீனி இறங்கி மயங்கியவர், இன்சுலின் போடும் கர்ப்பிணித் தாய் ஆகியோருக்கு வட்ஸ்அப் பாதுகாப்புத் தராது. அவர்களுக்குச் சலுகையே அருள்.

தூரத்திலிருந்து காலில் உள்ள புண்ணைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே முதல் சந்திப்பு நேரில்தான் நடக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற, நோயாளியின் கிளினிக் கொப்பியைப் பார்த்த வைத்தியராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்கார டொக்டர் நல்ல மனதோடு சொல்வதாக இருந்தாலும், பார்க்காத நோயாளிக்கு அளவு சொல்வது ஆபத்து.

வட்ஸ்அப்பில் வந்து விழும் மற்றச் செய்திகளையும் சொல்ல வேண்டும். ரமழான் நெருங்கினால் பாகற்காய்ச் சாறு, கறுவாத் தண்ணீர், கோதலஹிம்புட்டு என்று வரிசையாக வரும். இவற்றில் சில உண்மையிலேயே சீனியைக் குறைக்கக்கூடியவை, அதனால்தான் பயம். குளிசையும் போட்டு, கசாயமும் குடித்து, பதின்மூன்று மணித்தியாலம் பட்டினியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தச் செய்தியை அனுப்பியவர் யோசித்திருக்கமாட்டார்.

இரகசியம் பேணுவதும் முக்கியம். ஒருவரின் சீனி அளவு மஹல்லாக் குழுமத்தில் போடும் விஷயமல்ல. முதலாம் வகை நீரிழிவு உள்ள ஒரு பெண்பிள்ளையின் விபரம் ஊருக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே நோயை மறைத்து நோன்பு பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலுக்கு விசேட பாதுகாப்பு அளிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அமானிதம்தான்.

தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது?

திட்டம் போடுபவர்கள் மறக்கும் ஒன்று உண்டு. நோயாளியிடம் தொலைபேசி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் சீனி வருத்தம் அதிகம் இருப்பது உம்மம்மாவுக்கும் வாப்பாவின் உம்மாவுக்கும்தான். அவர்களிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி, அல்லது அதுவும் இல்லை. இப்தாருக்குக் கஞ்சி காய்ச்சி, சமோசா பொரித்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணுக்கு, அஸருக்குப் பிறகு தன் விரலைக் குத்திப் பார்க்க நேரமும் இல்லை, நினைவூட்ட ஆளும் இல்லை.

ஆனால் அந்த வீட்டிலேயே பத்தாம் தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் விடுமுறை. கையில் தொலைபேசியோடு பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் நீரிழிவைப் பற்றிப் படித்தும் இருக்கிறது. விடுமுறை விடுவதற்கு முன்பு இரண்டு பாடவேளைகளை ஒதுக்கி, குளுக்கோமீட்டரைப் பயன்படுத்துவது, ஓர் ஊசியை ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் பாவித்துப் பாதுகாப்பாக எறிவது, 70, 300 என்ற இரண்டு இலக்கங்கள், சீனி இறங்கினால் உடனே சீனித் தண்ணீர் கொடுப்பது, மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரியவை அழைப்பது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்க நம்மால் முடியும். தன் வீட்டு மூத்தம்மாவுக்கு மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்வதாக எல்லை வைத்துக்கொள்ளலாம். அதிபர்களும் சக ஆசிரியர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசினால் போதும்.

ஒரு மஹல்லாவால் செய்யக்கூடியது

பெரிய நிதியோ புதிய அமைப்போ இதற்கு வேண்டியதில்லை. என் யோசனை மாத வரிசையில் இதுதான்.

ரஜபில், கிளினிக் போகும் ஒவ்வொருவரும் கையில் ஒரு தாள் கொண்டுபோகட்டும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். "நான் இந்த ரமழானில் நோன்பு பிடிக்க விரும்புகிறேன். ஸஹர் முடிவு இத்தனை மணிக்கு, நோன்பு திறப்பது இத்தனை மணிக்கு. இடையில் தண்ணீர் உட்பட எதுவும் எடுப்பதில்லை. நான் பிடிக்கலாமா? பிடிக்கலாம் என்றால் குளிசையை எப்படி மாற்ற வேண்டும்?" என்று எழுதி, பதில் எழுத இடம் விட்டால் போதும். நோயாளி வாய்திறக்கத் தயங்கினாலும் தாள் கேட்கும். வேறு சமூக வைத்தியருக்கும் அது உதவியாக இருக்கும்.

ஷஃபானில், ஊரில் உள்ள ஒரு வைத்தியரும் ஒரு மௌலவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு வகுப்புகள் நடத்தட்டும். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. வைத்தியர் சொல்வதை மௌலவியும் மௌலவி சொல்வதை வைத்தியரும் அங்கேயே உறுதிப்படுத்தினால், நோயாளி இரண்டு வாசலுக்கு இடையில் அலையத் தேவையில்லை.

ரமழானில், ஒரே ஒரு தொலைபேசி இலக்கம். அஸரிலிருந்து மஃரிப் வரையும், தராவீஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலமும் பதில் சொல்ல ஆள் இருந்தால் பெரும் பகுதி தீர்ந்துவிடும். பயிற்சி பெற்ற தாதியர், மருந்தாளர், மருத்துவ மாணவர் முறைபோட்டுச் செய்யலாம். பெண்களின் அழைப்புக்குப் பதில் சொல்லப் பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இவர்கள் தாமாக மருந்தின் அளவை மாற்றக்கூடாது. எல்லை தாண்டிய இலக்கம் வந்தால் நோன்பை விடச் சொல்ல வேண்டும், வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும், ஆள் தடுமாறினால் 1990. குளிசை மாற்றத்துக்கு உடம்பு பழகும் முதல் பத்து நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஷவ்வாலில், மாற்றிய அளவை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பெருநாள் வட்டிலப்பமும் குறைந்த குளிசையும் சேர்ந்தால் சீனி எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு நோன்பு பிடிப்பவர்கள் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் குளுக்கோமீட்டரைவிட அதற்குப் போடும் ஸ்ட்ரிப்தான் சுமை. 2022 நெருக்கடிக்குப் பிறகு பல குடும்பங்கள் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டன. கையில் ஒட்டிக்கொள்ளும் பிறீஸ்டைல் லிப்ரே போன்ற கருவிகள் இருக்கின்றன. ஒன்று இரண்டு வாரத்துக்கு வரும், ஆனால் சாதாரண வீட்டுக்கு எட்டாத விலை. அவை இல்லாமலே இந்தத் திட்டம் நடக்கும். ஒவ்வொரு நாளும் பள்ளிவாசலில் இப்தார் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் செலவை ஏழை நோயாளிகளின் ஸ்ட்ரிப்புக்குக் கொடுத்தால், நோன்பு திறக்க உதவிய நன்மைக்கு அதுவும் குறைந்ததாக இருக்காது என்று நம்புகிறேன்.

இரண்டு ஆட்சேபங்கள்

இது சுகாதார அமைச்சின் வேலை, பள்ளிவாசலுக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். குளிசை கொடுப்பது அரசின் வேலைதான், அதை அது செய்துகொண்டிருக்கிறது. ஆனால் நோன்பு நம்முடையது. நம் நோன்பின் நேரத்தையும் முறையையும் நாம்தான் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். கேட்காமலே அவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்படியெல்லாம் பேசினால் மக்கள் நோன்பை விடப் பழகிவிடுவார்கள் என்று வேறு சிலர் பயப்படுவார்கள். நான் காண்பது இதற்கு நேர்மாறானது. பத்தாம் நோன்பில் மயங்கி வைத்தியசாலையில் ஐந்து நாள் கிடந்தவர், மிச்ச நோன்பையும் இழக்கிறார், அடுத்த வருடத் தைரியத்தையும் இழக்கிறார். சரியான குளிசையோடு தொடங்கியவர், ஒரு நாள் விட வேண்டி வந்தாலும் மறுநாள் தொடர்கிறார். விட்டதைக் களாச் செய்யவும் அவருக்கு உடம்பு இருக்கிறது.

இந்தக் கட்டுரையை வாசிப்பவருக்குச் சீனி வருத்தம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில், அல்லது அடுத்த வீட்டில் ஒருவருக்கு நிச்சயம் இருக்கும். இன்று அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அடுத்த கிளினிக் என்றைக்கு? நோன்பு பிடிக்கும் எண்ணத்தை டொக்டரிடம் சொன்னீர்களா? திகதி ரமழானுக்குப் பிறகு என்றால், அதை முன்னுக்கு எடுக்க அவரோடு கூடப் போங்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கஞ்சிக்கும் மின்விளக்குக்கும் பக்கத்தில், இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

ரமழானை ஆரோக்கியத்தோடு அடைந்துகொள்ளவும், நோற்க முடிந்தவர்களின் நோன்பையும் நோற்க முடியாதவர்களின் ஆசையையும் ஏற்றுக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.